நாக்கு நுனியில் நிற்கும் சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"பேரு மனசுல நிக்குது, வாயில வரமாட்டேங்குது." இதைச் சொன்ன கையோடு "எனக்கு மறதி நோய் வந்துடுச்சா?" என்றும் கேட்கிறவர்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் நிறைய. உளவியல் கற்பிக்கிறவன் என்று தெரிந்தால் போதும், கல்யாண வீட்டிலும் பஸ்ஸிலும்கூட இந்தக் கேள்வி வந்துவிடும். பலர் பயத்தோடுதான் கேட்கிறார்கள். அந்தப் பயத்தில் பெரும்பகுதி தேவையில்லாதது. சிறு பகுதி மட்டும் அவசியமானது. இரண்டையும் பிரித்துக் காட்டத்தான் இந்தக் கேள்வி பதில்.

சொல் நாக்கு நுனியில் நிற்பது என்பது என்ன? சாதாரண மறதிதானே?

மறதி என்றால் விஷயமே போயிருக்கும். இங்கே விஷயம் முழுசாக இருக்கிறது, அதன் பெயர் மட்டும் வாய்க்கு வரவில்லை. கூடவே "எனக்குத் தெரியும், இதோ வந்துடும்" என்ற உறுதியும் இருக்கிறது. இந்த உறுதிதான் இதன் அடையாளம்.

ஒரு பள்ளி வினாடி வினாவில் பார்த்ததைச் சொல்கிறேன். "அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட காலத்தில் தருமபுரிக்கு என்ன பெயர்?" என்று கேட்டார்கள். ஒரு மாணவி எழுந்தாள். "த-வுல ஆரம்பிக்கும் சார். நாலு எழுத்து. கடைசியில ஊர்னு முடியும்" என்றாள். பக்கத்தில் இருந்தவள் "தஞ்சாவூர்" என்று கிசுகிசுத்தாள். "அது இல்லடி" என்று இவள் உடனே தள்ளிவிட்டாள். ஔவையாருக்கு நெல்லிக்கனி கொடுத்த கதையையும் சொன்னாள். பெயர் மட்டும் வரவில்லை. நேரம் முடிந்து நடுவர் "தகடூர்" என்றதும் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

அவள் சொன்னதைக் கவனியுங்கள். முதல் எழுத்து சரி, எழுத்து எண்ணிக்கை சரி, முடிவு சரி. தவறான பெயரைக் கேட்டவுடன் தவறு என்றும் தெரிந்தது. பதில் தெரியாதவர் யாரும் இப்படிப் பேச முடியாது. அந்த மாணவிக்கு மதிப்பெண் கிடைக்கவில்லை, ஆனால் பாடம் அவளுக்குத் தெரிந்திருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இதை யாராவது முறையாக ஆராய்ந்திருக்கிறார்களா?

நன்றாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-இலேயே இதை எழுதிவிட்டார். மறந்த பெயர் இருந்த இடம் வெறும் காலியிடம் கிடையாது, அதற்கென்று ஒரு வடிவம் உண்டு, பொருந்தாத பெயரைக் கொண்டுவந்தால் அந்த இடமே அதை ஏற்காது என்பது அவர் கவனித்தது. "அது இல்லடி" என்று மாணவி தள்ளியது இதைத்தான் காட்டுகிறது.

ஆய்வுக்கூடத்தில் இதை முதலில் பிடித்துக் காட்டியவர்கள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ரோஜர் பிரவுனும் டேவிட் மெக்நீலும். ஆண்டு 1966. அதிகம் புழங்காத ஆங்கிலச் சொற்களின் பொருளை மட்டும் மாணவர்களுக்குப் படித்துக் காட்டினார்கள். உதாரணமாக, கடலில் போகிறவர்கள் சூரியனும் நட்சத்திரமும் நிற்கும் கோணத்தை அளக்கும் கருவி எது என்று கேட்டார்கள். பதில் செக்ஸ்டன்ட். சிலருக்கு உடனே வந்தது, சிலருக்குத் தெரியவே இல்லை. இரண்டுக்கும் நடுவில் தவித்தவர்களிடம் "முதல் எழுத்து என்ன, எத்தனை அசை?" என்று கேட்டபோது முதல் எழுத்தை 57 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். குருட்டாம்போக்கில் இந்த அளவுக்குச் சரியாக வராது. "தெரியும்" என்று நாம் உணர்வது வெறும் நம்பிக்கை இல்லை, உள்ளே ஏதோ உண்மையாகவே கிடைக்கிறது என்பது அப்போதுதான் நிரூபணமானது.

தெரிந்த சொல் ஏன் பாதி வழியில் நின்றுவிடுகிறது?

பேசும்போது மூளை ஒரு சொல்லை இரண்டு கட்டமாக எடுக்கிறது. முதலில் பொருள்: எதைப் பற்றிப் பேசப் போகிறோம், அது எந்த வகைச் சொல். அப்புறம் ஒலி: எந்த எழுத்துகள், எந்த வரிசையில். நாக்கு நுனியில் சொல் நிற்கும்போது முதல் கட்டம் முடிந்துவிட்டது, இரண்டாவது பாதியில் நிற்கிறது.

இதற்கு இத்தாலியிலிருந்து அழகான சான்று ஒன்று உண்டு. அந்த மொழியில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஆண்பால் அல்லது பெண்பால் உண்டு. பொருளைப் பார்த்து அதை ஊகிக்க முடியாது, சொல்லோடு சேர்த்துத்தான் தெரிந்திருக்க வேண்டும். 1997-இல் வெளியான ஓர் ஆய்வில், சொல் வராமல் தவித்த இத்தாலியர்கள் அது எந்தப் பால் என்பதைப் பெரும்பாலும் சரியாகச் சொன்னார்கள். சொல்லின் இலக்கணம் வந்துவிட்டது, ஒலி வரவில்லை.

ஒலி ஏன் வருவதில்லை? அதிகம் ஏற்கப்படும் விளக்கம் டெபோரா பர்க், டொனால்டு மெக்கே இருவரும் மற்ற ஆய்வாளர்களோடு சேர்ந்து 1991-இல் கொடுத்தது. பொருளுக்கும் ஒலிக்கும் நடுவே உள்ள இணைப்பு, ஆள் நடமாட்டம் இல்லாமல் புல் மூடிப்போன ஒற்றையடிப் பாதை மாதிரி ஆகிவிடுகிறது. அந்தச் சொல்லை எவ்வளவு அடிக்கடிச் சொல்கிறோம், கடைசியாக எப்போது சொன்னோம், நமக்கு வயது என்ன என்ற மூன்றையும் பொறுத்தது இது.

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டிகளில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஏப்ரலில் வரத்து தொடங்கும்போது, பல வருஷம் அதே வேலை செய்தவர்கூட ஒரு காயைக் கையில் எடுத்து, காம்பை முகர்ந்து, "இது... சிவப்பா இருக்கும் பாருங்க, சீசன்ல மொதல்ல வரும்..." என்று இழுப்பார். பக்கத்திலிருப்பவர் "செந்தூராங்க" என்பார். ஜூன் மாதம் அதே ஆள் லாரி நின்ற இடத்திலிருந்தே ரகங்களைக் கடகடவென்று சொல்லிவிடுவார். காயைப் பற்றிய அறிவு ஏப்ரலிலும் அவரிடம் இருந்தது. பெயரைச் சொல்லித்தான் பல மாதம் ஆகியிருந்தது.

பொருள்களின் பெயரைவிட ஆள்களின் பெயர்தான் அதிகம் சிக்குகிறது. ஏன்?

என்னிடம் வரும் புகார்களில் முக்கால்வாசி ஆள் பெயர்தான். உலகம் முழுக்க இப்படித்தான்.

1987-இல் இங்கிலாந்தில் ஒரு சோதனை செய்தார்கள். முகப் படங்களைக் காட்டி, ஒவ்வொருவருக்கும் ஒரு பெயரும் ஒரு தொழிலும் சொல்லிக்கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் 'பேக்கர்' என்பது குடும்பப் பெயராகவும் இருக்கிறது, ரொட்டி சுடுகிறவர் என்ற தொழிலாகவும் இருக்கிறது. ஒரே சொல், ஒரே ஒலி. அப்படியிருந்தும் தொழிலாகக் கற்றபோது நினைவு வந்தது, பெயராகக் கற்றபோது நழுவியது. ரொட்டி சுடுகிறவர் என்றால் அடுப்பு, மாவு, விடியற்காலை வேலை என்று மனதில் பத்து விஷயம் சேர்ந்து வரும், அதில் எதைப் பிடித்தும் சொல்லுக்குப் போய்விடலாம். பேக்கர் என்ற பெயருக்கு அந்த மனிதரைத் தவிர வேறு எந்தத் தொடர்பும் இல்லை.

பெயரே ஆளை வருணித்தால் நிலைமை மாறும். செர்ஜ் பிரெடார், டிம் வாலண்டைன் இருவரும் 1998-இல் கார்ட்டூன் பாத்திரங்களை வைத்துப் பார்த்தார்கள். தோற்றத்தையோ குணத்தையோ சொல்லும் பெயர் கொண்ட பாத்திரங்களைவிட, அலாவுதீன் மாதிரி எதையும் வருணிக்காத பெயர்கள்தான் அதிகம் நாக்கு நுனியில் நின்றன.

மறுபடியும் மண்டிக்கே வருகிறேன். பெங்களூரா என்றும் தோத்தாபுரி என்றும் சொல்லும் காய்க்கு நம் பக்கத்தில் கிளிமூக்கு என்றொரு பெயர் உண்டு. காயின் நுனியைப் பார்த்தாலே பெயர் வந்துவிடும். ருமானிக்கு அந்த வசதி இல்லை. உருண்டையாக ஆப்பிள் போல இருக்கும் அந்தப் பழத்தைப் பார்த்து 'ருமானி' என்ற ஒலியை யாரும் ஊகிக்க முடியாது. மனிதர்களின் பெயர்களில் பெரும்பாலானவை ருமானி வகைதான்.

அதனால் புதிதாக ஒருவரைப் பார்க்கும்போது பெயரோடு வேறு ஏதாவது ஒன்றைச் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். "காரிமங்கலம் கார்த்திகேயன்" என்று ஊரோடு சேர்த்துச் சொல்லும் பழைய வழக்கம் நல்ல வழக்கம். ஊர் நினைவுக்கு வந்தால் 'கா' வந்துவிடும், 'கா' வந்தால் கார்த்திகேயன் வருவதற்கு வாய்ப்பு அதிகம்.

நான் தேடும் சொல் வராமல் வேறு ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது. அதுதான் வழியை மறிக்கிறதா?

நம் மாவட்டக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். அரூர் பக்கம் இருக்கும் பாப்பிரெட்டிப்பட்டியைச் சொல்ல வந்தவருக்குப் பாப்பாரப்பட்டி வந்து நிற்கும். பாப்பாரப்பட்டி பென்னாகரம் பக்கம், சுப்பிரமணிய சிவா 1925-இல் காலமான ஊர். இரண்டுக்கும் நடுவே நல்ல தூரம். "அது இல்ல, அது சிவா மணிமண்டபம் இருக்கிற ஊரு" என்று தெரிந்தே சொல்வார், அடுத்த நொடி மறுபடியும் அதே பெயர்தான் வாயில் வரும்.

சிக்மண்ட் பிராய்டு 1898-இல் இதே அனுபவத்தைப் பற்றி எழுதினார். இத்தாலியில் ஓர்வியெத்தோ தேவாலயத்துச் சுவரோவியங்களை வரைந்த சிக்னொரெல்லியின் பெயர் அவருக்கு வரவில்லை. பொத்திசெல்லி, போல்த்ராஃபியோ என்ற வேறு ஓவியர்களின் பெயர்கள் வந்து நின்றன. வேண்டாத நினைவை மனம் அடக்கியதால்தான் அந்தப் பெயர் மறைந்தது என்று அவர் விளக்கினார். எனக்கு அந்த விளக்கத்தில் உடன்பாடு இல்லை. சிக்னொரெல்லியும் பொத்திசெல்லியும் ஒரே மாதிரி முடிகின்றன, இருவரும் ஒரே காலத்து இத்தாலிய ஓவியர்கள். பக்கத்தில் இருக்கும் சொல் முந்திக்கொள்ள இதுவே போதும்.

குறுக்கே வரும் சொல்தான் தடையா என்று கேட்டால், இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் அதை முதல் காரணமாகச் சொல்வதில்லை. தேடும் சொல்லின் இணைப்பு ஏற்கெனவே தளர்ந்திருக்கிறது, அதனால் ஒலியிலும் பொருளிலும் நெருங்கிய இன்னொன்று அந்த இடத்துக்கு வருகிறது. ஆனால் வந்தபிறகு அதையே பிடித்துக்கொண்டு உருட்டினால் அது இன்னும் வலுவாகும். அந்தச் சொல் இரண்டு முறை வந்துவிட்டால் தேடலை நிறுத்துங்கள்.

விட்டுவிட்டு வேறு வேலை பார்த்தால் தானாக வருகிறதே, அது எப்படி?

இதில் பாதியளவு ஒரு நிமிடத்துக்குள்ளேயே சரியாகிவிடுகிறது. மிச்சம் இருப்பவைதான் ராத்திரி பாத்திரம் கழுவும்போது திடீரென்று "ஆங்! அதான்!" என்று வருபவை.

முழுக்கத் தானாக வருகிறது என்று நமக்குத் தோன்றினாலும், பல சமயம் ஏதோ ஒன்று தூண்டியிருக்கும். லோரி ஜேம்ஸ், டெபோரா பர்க் இருவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், தேடும் சொல்லின் ஒலிகள் சிதறிக் கிடக்கும் வேறு சொற்களை வாசிக்க வைத்தார்கள். வாசித்தவர்களுக்குத் தேடிய சொல் கூடுதலாக வந்தது. நாள் முழுக்க டிவியும் பஸ் கண்டக்டரும் கடைப் பலகையும் நம் காதிலும் கண்ணிலும் ஒலிகளைப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். "மாரண்டஅள்ளி ஏறு" என்ற குரல் காதில் விழுந்து, காலையில் தேடிய மாரப்பனின் பெயர் அதன் பிறகு வந்தால், கண்டக்டருக்கு நன்றி சொல்ல நமக்குத் தோன்றாது.

அ, ஆ, இ, ஈ என்று எழுத்து எழுத்தாகச் சொல்லிப் பார்த்தால் வருமா?

வரும், ஆனால் வெறும் மெய்யெழுத்தில் நிற்காதீர்கள். லைஸ் ஏப்ரம்ஸ் தம் சகாக்களோடு 2003-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் ஒலி மட்டும் கிடைத்தவர்களுக்குப் பெரிய உதவி இல்லை என்றும், முதல் அசை முழுசாகக் கிடைத்தவர்களுக்குச் சொல் வந்தது என்றும் கண்டார்கள். அது ஆங்கிலத்தில் செய்த ஆய்வு. தமிழில் நம் கையில் உயிர்மெய் வரிசையே இருக்கிறது, அதைப் பயன்படுத்தலாம் என்பது என் கருத்து. 'க்' என்று யோசிப்பதைவிட க, கா, கி, கீ என்று வாய்விட்டுச் சொல்லிப் போனால் அசை அசையாகத் தேடுகிறோம். வாய்விட்டு என்பது முக்கியம்.

குறள் ஒப்பிக்கும் குழந்தை நின்றுவிட்டால் ஆசிரியர் அடுத்த சீரின் முதல் எழுத்துகளை மட்டும் எடுத்துக்கொடுப்பார், மீதி கொட்டிவிடும். மோனையும் எதுகையும் பாட்டை மனதில் நிறுத்துவதற்கு எவ்வளவு உதவியிருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் நம் பழைய ஆசிரியர்கள்மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

கூகுளில் பார்த்துக்கொள்ளலாமா, இல்லை விடாமல் யோசிக்க வேண்டுமா? யோசித்தால்தானே மூளை பலமாகும்?

பலர் இப்படித்தான் நம்புகிறார்கள், அதனாலேயே ரொம்ப நேரம் மல்லுக்கட்டுகிறார்கள். கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஏமி வாரினர், கரின் ஹம்ப்ரீஸ் இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரிச் சொல்கிறது. சொல் வராமல் தவித்தவர்களில் சிலரை 10 நொடியும் சிலரை 30 நொடியும் தவிக்க விட்டு, பிறகு விடையைக் காட்டினார்கள். இரண்டு நாள் கழித்து அதே கேள்விகளைக் கேட்டபோது, அதிக நேரம் தவித்த சொற்களே மறுபடியும் அதிகமாகச் சிக்கின. தவித்த நேரத்தில் அவர்கள் பழகியது தவறான வழியை. ஒரே ஆளின் பெயர் ஒவ்வொரு முறையும் சிக்குவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

அதே குழுவின் 2015-ஆம் ஆண்டு ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. சொல் தானாக வந்தாலோ, ஒலிக் குறிப்பின் உதவியால் தாமே கண்டுபிடித்தாலோ, அது மறுபடி சிக்குவது குறைந்தது. ஆக நான் சொல்லும் வழி இது: கொஞ்ச நேரம் எழுத்து வரிசையில் தேடுங்கள். வரவில்லையா, பக்கத்தில் இருப்பவரிடம் "முதல் இரண்டு எழுத்து மட்டும் சொல்லுங்க" என்று கேளுங்கள். யாரும் இல்லையென்றால் போனில் பாருங்கள், தப்பே இல்லை. கிடைத்ததும் போனைப் பையில் போடாமல் அந்தச் சொல்லை இரண்டு மூன்று முறை வாயால் சொல்லுங்கள். அதை வைத்து ஒரு வாக்கியமும் பேசுங்கள்.

எங்கள் வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், வேலையில் கன்னடமும் இங்கிலீஷும். இதனால்தான் எனக்குச் சொல் சிக்குகிறதா?

ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரி, வேப்பனப்பள்ளி பக்கத்திலிருந்து இந்தக் கேள்வி தவறாமல் வரும். ஓரளவு ஆம். தாமர் கோலன் தம் சகாக்களோடு செய்த ஆய்வுகளில், இரண்டு மொழி பேசுபவர்களுக்கு ஒரு மொழி மட்டும் பேசுபவர்களைவிடச் சொல் அதிகம் சிக்கியது. காரணம் எளிது. நாளுக்கு இருக்கும் நேரம் அதேதான், அது இரண்டு மூன்று மொழிகளுக்குப் பிரிகிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் கிடைக்கும் புழக்கம் குறைகிறது.

அதே ஆய்வாளர்கள் 2004-இல் காட்டியது இன்னும் சுவையானது. இரண்டு மொழியிலும் ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களில் இந்தக் குறை தெரியவில்லை. ஒன்றைச் சொன்னால் இன்னொன்றுக்கும் பயிற்சி கிடைத்துவிடுகிறது. ராகி என்றால் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் ராகிதான், களி கிண்டும் எந்த வீட்டிலும் அந்தச் சொல் சிக்காது. எள் கன்னடத்தில் எள்ளு, பக்கத்திலேயே இருக்கிறது. தெலுங்கில் அது நுவ்வுலு. ஆகவே தெலுங்கு வீட்டுப் பிள்ளை கடையில் "எள்" என்று கேட்கும்போது ஒரு நொடி தயங்கினால் வியப்பில்லை. ஆள் பெயர்கள் எல்லா மொழியிலும் ஒன்றுதான் என்பதால் அதில் இருமொழிக்காரர்கள் பின்தங்குவதில்லை என்று 2005-இல் இன்னோர் ஆய்வும் வந்தது.

இதைக் காரணமாக வைத்துப் பிள்ளைகளிடம் வீட்டு மொழியை நிறுத்தாதீர்கள். அரை நொடித் தயக்கத்துக்காகப் பாட்டியின் மொழியைக் கைவிடுவது பெரிய இழப்பு. தயங்கும் பிள்ளையைப் பார்த்து "தமிழே வரலையா?" என்று கேலி செய்யும் பெரியவர்களிடம்தான் எனக்கு வருத்தம்.

அப்பாவுக்கு 68 வயது. தினமும் ஏதாவது ஒரு பெயர் அவருக்கு வருவதில்லை. இது மறதி நோயின் ஆரம்பமா?

அதிகமாக வருவதும், அதிகமாக வீட்டைக் கலக்குவதும் இந்தக் கேள்விதான். இளம் வயதினருக்கே சராசரியாக வாரத்துக்கு ஒரு முறை சொல் சிக்குகிறது. வயது ஏற ஏற இது கூடும். 2007-இல் வெளியான மூளைப் படம் எடுத்த ஆய்வில், சொல் அதிகம் சிக்கியவர்களுக்கு இடப்பக்க இன்சுலா என்ற பகுதியில் சாம்பல் திசு குறைந்திருந்தது. பேச்சின் ஒலிகளைக் கோப்பதில் பங்குள்ள பகுதி அது. தலை நரைப்பது போலவே இதுவும் வயதோடு வரும் மாற்றம்.

அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் திமொதி சால்ட்ஹவுஸும் ஏரியல் மாண்டெலும் 18 முதல் 99 வயது வரை 700-க்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்து 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். வயதானால் சொல் சிக்குவது கூடுகிறது, நினைவாற்றலும் குறைகிறது. ஆனால் வயதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தால் இரண்டுக்கும் நேரடித் தொடர்பு பெரிதாக இல்லை. மறதி நோயைக் காட்டும் வகை நினைவுச் சோதனையில் ஒருவர் நன்றாகச் செய்யலாம், அவருக்கே பெயர்கள் அடிக்கடி சிக்கலாம்.

வீட்டில் கவனிக்க வேண்டியது இதை. உங்கள் அப்பா "அந்த டேம் இன்ஜினீயரு, நம்ம கூடத்தான் தீர்த்தமலைக்கு வந்தாரே, அவரு பொண்ணு பர்கூர் காலேஜ்ல படிச்சுதே" என்று இத்தனையும் சொல்லிவிட்டுப் பெயருக்கு மட்டும் தடுமாறினால் கவலை வேண்டாம். நினைவு நன்றாக வேலை செய்கிறது என்பதற்கே அது சான்று. பெயரைச் சொன்னதும் "அவரேதான்" என்று முகம் மலர்ந்தால் இன்னும் நல்லது.

அப்படியென்றால் எப்போதுதான் டாக்டரிடம் போக வேண்டும்?

முதலில் அவசரமானது. பேச்சு திடீரென்று தடுமாறினால், சாதாரணச் சொற்கள்கூட வராமல் போனால், குளறினால், முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கையோ காலோ வலுவிழந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். அறிகுறி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். காலையில் சரியாகிவிடும் என்று படுக்க வைப்பதும், கை வைத்தியம் பார்ப்பதும் அந்த நேரத்தைத் தின்றுவிடும். சில நிமிடத்தில் தானாகச் சரியாகிவிட்டாலும் போகத்தான் வேண்டும்.

அவசரம் இல்லாத, ஆனால் தள்ளிப்போடக் கூடாத மாற்றங்கள் உண்டு. கரண்டி, சாவி, சீப்பு போன்ற தினப்படிப் பொருள்களின் பெயரே வராமல் போவது, பெயரை எடுத்துச் சொன்னாலும் அடையாளம் தெரியாமல் விழிப்பது, அந்தப் பொருள் எதற்கு என்றே தெரியாமல் இருப்பது, சொன்னதையே அரை மணிக்குள் மூன்று முறை சொல்வது, பழகிய தெருவில் வழி தவறுவது, பண விவகாரத்தில் புதிதாகக் குழப்பம் வருவது, இவை எல்லாம் சில மாதங்களில் கூடிக்கொண்டே போவது. இப்படி இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகள், காது மந்தம் இவையும் மறதி போலத் தோன்றலாம். இவற்றைக் கண்டுபிடித்துச் சரி செய்ய வழியுண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

வல்லாரை சாப்பிட்டால் சரியாகுமா?

வல்லாரை நல்ல கீரை, துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள். சொல் சிக்குவதற்கு மருந்தாக அதை நான் சொல்ல மாட்டேன். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகம் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், மூச்சு வாங்க உடற்பயிற்சி செய்யும் தெம்பு அதிகம் உள்ள முதியவர்களுக்குச் சொல் சிக்குவது குறைவாக இருந்தது. நடந்ததால்தான் குறைந்தது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் நடைக்கு வேறு நூறு நன்மை உண்டு. இரண்டு பேராகப் பேசிக்கொண்டே நடந்தால் சொற்களுக்கும் புழக்கம்.

காது கேளாதவர்கள் சைகை மொழியில் பேசும்போதும் இப்படி ஆகுமா?

ஆகும். அமெரிக்கச் சைகை மொழி பேசுவோரிடம் 2005-இல் இதைப் பதிவு செய்தார்கள். அவர்களுக்குச் சொல் நிற்பது விரல் நுனியில். கையின் வடிவமும் இடமும் நினைவுக்கு வந்து, கையை அசைக்கும் விதம் மட்டும் வராமல் நிற்கும்.

பரீட்சையிலும் இன்டர்வியூவிலும் இப்படி நின்றுவிட்டால் என்ன செய்வது?

எழுத்துத் தேர்வு என்றால் அந்தக் கேள்விக்கு இடம் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். முதல் எழுத்து என்று எது தோன்றுகிறதோ அதை ஓரத்தில் குறித்து வையுங்கள், அது சரியாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. நேர்முகத் தேர்வில் பெயர் வராவிட்டால் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். "அந்த விதியின் பெயர் இப்போது வரவில்லை, ஆனால் அது சொல்வது இது" என்று விளக்கினால் புரிந்துகொள்ளாத தேர்வாளர் குறைவு. ஆசிரியர்களிடம் என் வேண்டுகோளும் இதுதான். பெயர் வராமல் நிற்கும் பிள்ளையிடம் "அதைப் பற்றி வேறு என்ன தெரியும்?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். படித்தவளா படிக்காதவளா என்பது உடனே தெரிந்துவிடும்.

பேசிக்கொண்டிருக்கும்போது பெரியவர்கள் ஒரு சொல்லுக்காகத் திணறினால் நாம் எடுத்துக்கொடுக்கலாமா?

உடனே பாய்ந்து சொல்லாதீர்கள். சில நொடி அவர் முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள், கடிகாரத்தையோ போனையோ பார்க்க வேண்டாம். பல சமயம் அவருக்கே வந்துவிடும். வரவில்லை, அவரும் உங்களைப் பார்க்கிறார் என்றால் முதல் அசையை மட்டும் கொடுங்கள்: "தாத்தா, முனு..." "ஆங், முனுசாமி!" அவர் சொல்லி முடித்தபிறகு நீங்களும் அந்தப் பெயரை ஒரு முறை சொல்லிப் பேச்சைத் தொடருங்கள்: "சரி, முனுசாமி அண்ணன் அப்புறம் என்ன சொன்னாரு?" திருத்தியது போல இருக்காது, அவர் காதிலும் அந்தப் பெயர் இன்னொரு முறை விழும். ஒரே பெயர் அடிக்கடிச் சிக்கினால் அடுத்த நாள் பேச்சில் அதே ஆளைப் பற்றி நீங்களாகவே விசாரியுங்கள்.